ஒரு மாதத்தில் நின்றுவிடும் சத்தம்

ரொட்டியக்காவின் நெஞ்சுக்குள் சத்தம் கேட்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவள் கணவர். அவருக்குக் குழாய் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்த அன்று மத்தியானம், கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திருகிப் பார்த்தார். குளியலறைக் குழாயையும் திருகினார். மாடியேறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"எங்கயோ சொட்டுது. ஊரு வீட்டுக் குழாயெல்லாம் அடைக்கிறவன் வீட்டுல சொட்டுது பாரு, வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"சொட்டலங்க. அது நான்தான்" என்றாள் ரொட்டியக்கா.

அவர் குனிந்து அவள் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். டிக், டிக், டிக். இதயத்தில் கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். அது மூடும்போதெல்லாம் தட்டியது. வார்டின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. வீட்டின் அமைதியில் நன்றாகக் கேட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து ரொட்டியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்செலும்பு வலிக்கும் என்பது சிரித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மடியிலிருந்த குட்டித் தலையணையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அந்தத் தலையணை ஆஸ்பத்திரியில் கொடுத்தது. இருமினால், தும்மினால், சிரித்தால் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். நடு நெஞ்சைப் பிளந்து, கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள் அல்லவா, அது விலகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இருபத்திரண்டு வருஷம் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்த்தவள் அவள். மாவு மூட்டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு படியேறியவள். அப்பேர்ப்பட்டவள் ஒரு தும்மலுக்குப் பயந்து தலையணையும் கையுமாகத் திரிந்தாள்.

அவளுக்கு ஒரே கவலைதான். அடுப்பு. முதலாளி மூன்று மாதம் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் என்று புதிதாக ஒருவனைப் போட்டிருந்தார். அவன் நன்றாகவே ரொட்டி போடுகிறான் என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு வேறு பேச்சே கிடைக்காதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அது தெரிந்துதானோ என்னவோ, அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புதிதாக வால்வு மாற்றியவர்களுக்கு, முன்னாலேயே மாற்றிக்கொண்ட ஒருவரைத் துணையாகப் போடுவார்கள். அவர் சட்டையில் 'துணை' என்று ஒரு பட்டை குத்தியிருக்கும்.

"துணைன்னா நான் இல்லையா? எனக்கு ஏன் பட்டை குடுக்கல?" என்று குழாய்க்காரர் முறைத்தார்.

ரொட்டியக்காவுக்கு வாய்த்த துணை ஒரு பஸ் டிரைவர். எல்லோருக்கும் டிரைவர் அண்ணன். ஆபரேஷன் ஆன ஐந்தாம் நாள், காக்கிச் சட்டையும் விரலில் சுழலும் சாவிக்கொத்துமாக அவள் கட்டிலருகே வந்து நின்றார். அவள் அப்போது அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அழு தங்கச்சி, நல்லா அழு. மூணு வாரம் வரைக்கும் இப்படித்தான். நான் ஒரு சோப்பு விளம்பரத்தைப் பார்த்து அழுதவன்."

அவள் சிரித்துவிட்டாள். அவரே தலையணையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அவர் நல்லவர். பின்னால் நடந்ததை வைத்து இதை மறைக்கக் கூடாது. கட்டிலிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் ஒருக்களித்துப் புரண்டு காலைத் தொங்கப்போட்டு எழ வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் அவர்தான். நர்ஸ் நாலு முறை சொல்லியும் வராதது அவர் ஒருமுறை தரையில் படுத்துக் காட்டியதும் வந்துவிட்டது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்பதற்காக, ஆறு மணிக்குத் தவறாமல் போன் செய்வார். "போட்டாச்சா?" என்பார். "போட்டாச்சு அண்ணே" என்பாள். கூடப்பிறந்த அண்ணன் இரண்டு பேர் இருந்தும் அவளுக்கு அப்படி ஒரு போன் வந்ததில்லை.

அவரிடம் அவள் கேட்டது இரண்டே கேள்விகள். திரும்ப வேலைக்கு எப்போது போனீர்கள்? இந்தச் சத்தம் எப்போது நிற்கும்?

"பத்தாவது வாரம் ஸ்டியரிங்கைப் பிடிச்சேன். டாக்டருங்க மூணு மாசம்பாங்க, நாலு மாசம்பாங்க. அவங்க நெஞ்சையா அறுத்தாங்க? வழியில டயர் பஞ்சர் ஆச்சு, ஸ்டெப்னியை நானே உருட்டிட்டு வந்தேன்னா பார்த்துக்க. இன்னைக்கும் பதினேழாம் நம்பர் வண்டி என்னுதுதான்."

"சத்தம் அண்ணே?"

"அதுவா? ஒரு மாசத்துல நின்னுடும். அதாவது அங்க இருக்கும், உனக்குக் கேக்காது. காது பழகிடும். எனக்கெல்லாம் கேட்டு வருஷமாச்சு."

பத்து வாரம், ஒரு மாதம். ரொட்டியக்கா இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மாதம் ஆனது. சத்தம் நிற்கவில்லை. தலையணையில் காதை வைத்தால் இன்னும் கூடக் கேட்டது. குளிக்கும்போது கேட்டது. வாயைத் திறந்தால் வாய் வழியாகவே வெளியே வந்தது. ஐந்தாவது வாரமும் நிற்கவில்லை. தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு, ஊருக்கெல்லாம் பழகுகிற காது தனக்கு மட்டும் பழகவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை தோறும் பிசியோதெரபி ஹாலில் எல்லோரும் கூடுவார்கள். ஏழெட்டு நாற்காலி வட்டமாகக் கிடக்கும். ஆளுக்கொரு தலையணை மடியில் இருக்கும். பிசியோ பெண் கையை உயர்த்தச் சொல்லி, மூச்சை இழுக்கச் சொல்லி, பிறகு பேசச் சொல்வாள். ஆறாவது வாரம் டிரைவர் அண்ணன் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"என்ன தங்கச்சி, சத்தம் நின்னுடுச்சா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு நூலக அம்மா உட்கார்ந்திருந்தாள். ரொட்டியக்காவுக்கு மூன்று வாரம் கழித்து வால்வு மாற்றியவள். அதிகம் பேச மாட்டாள். அவளும் பார்த்தாள்.

"நின்னே போச்சு அண்ணே!" என்றாள் ரொட்டியக்கா.

கை தட்டினார்கள். டிரைவர் அண்ணன் எழுந்து நின்று தட்டினார். சொன்னது பொய்தான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அது பொய்யாகப் படவில்லை. நாலு நாளில் நிற்கப்போவதை நாலு நாள் முன்னாலேயே சொல்லிவிட்டதாகத்தான் பட்டது.

பத்தாவது வாரம் வந்தது. பிசியோ பெண் படித்துப் படித்துச் சொன்னாள். "இன்னும் எலும்பு சேரல. மூணு மாசம் முடியட்டும். அப்புறமும் மெதுவாத்தான். ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கவே கூடாது."

ரொட்டியக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். இருபத்தைந்து வயசுப் பெண், நெஞ்சில் ஒரு கீறல் கிடையாது, இவளுக்கு என்ன தெரியும்? அறுபட்டவர் சொன்னது ஒன்று, அளந்து பார்த்தவள் சொல்வது ஒன்று. அறுபட்டவர் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் கடைக்குப் போய்விட்டாள். குழாய்க்காரர் வேலைக்குக் கிளம்பிய பிறகு கிளம்பினாள். முதலாளி வாயைப் பிளந்தார். அடுப்பிலிருந்த புதியவன் மரியாதையாக நகர்ந்து நின்றான். அந்த மரியாதைதான் அவளைக் கிளப்பிவிட்டது. மாவு தீர்ந்திருந்தது. "இருங்கக்கா, நான் எடுக்கிறேன்" என்று அவன் வருவதற்குள் குனிந்து மூட்டையின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினாள்.

நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது. வலி அப்புறம்தான் வந்தது. மூட்டை கீழே விழுந்து வெடித்தது. மாவுக்கு நடுவில் அவள் உட்கார்ந்துவிட்டாள். தலையணை வீட்டில் இருந்தது.

உள்ளே ஒரு கம்பி விட்டுப்போய் எலும்பு லேசாக விலகியிருக்கிறது என்றார்கள். திரும்பத் திறக்க வேண்டியதில்லை, அந்தமட்டில் பிழைத்தாள். ஆனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னும் மூன்று மாதம். முதலாளி ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். பழக்கூடையை மேஜையில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அடுப்பை அவன்கிட்டயே விட்டுடலாம்னு இருக்கேம்மா. நீங்க உடம்பு தேறினதும் வாங்க. கல்லா பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன்."

அவர் போன பிறகு அந்தப் பழக்கூடையை அப்படியே பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிட்டாள். அதில் ஒன்றைக்கூட வாயில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஆறு மணிக்கு டிரைவர் அண்ணனின் போன் வந்தது. நடந்ததைச் சொன்னாள். போனில் கேட்டுக்கொண்டிருந்த சாவிக்கொத்துச் சத்தம் நின்றது. பிறகு அவர் வழக்கமான குரலில் சொன்னார். "அது ஒண்ணுமில்ல தங்கச்சி. எனக்கும் இப்படித்தான் ஆச்சு. ஒரே வாரத்துல சேர்ந்துடுச்சு. மனசை விடாத."

அவள் அதையும் நம்பினாள்.

மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பதினேழாம் நம்பர் பஸ் வந்தது. அண்ணன் வண்டியாக இருந்தால் பின்னாலிருந்து ஒரு குரல் கொடுத்து அசத்தலாம் என்று ஏறினாள். ஓட்டியவர் வேறு ஒருவர். இறங்கும் இடத்தில் முன்பக்கம் போய்க் கேட்டாள்.

"டிரைவர் அண்ணன் இன்னைக்கு லீவா? நெஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர்."

"அவரா? அவர் வண்டியைத் தொட்டு ரெண்டு வருஷமாச்சேம்மா. ஆபரேஷனுக்கு அப்புறம் மெடிக்கல்ல வண்டி ஓட்டலாம்னு கையெழுத்துப் போடல. டிப்போவுல தொலைஞ்ச சாமான் கவுன்ட்டர்ல உக்காந்திருக்கார். போய்ப் பாருங்க, நல்ல மனுஷன்."

அவள் இறங்கவில்லை. பஸ் கடைசி நிறுத்தம் போய், திரும்பி, டிப்போ வரும்வரை உட்கார்ந்திருந்தாள். பத்து வாரம், பத்து வாரம் என்று அவர் சொன்னதெல்லாம் காதுக்குள் ஓடியது. டாக்டரை நம்பாமல், பிசியோ பெண்ணை நம்பாமல், கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாமல், இந்த ஒரு மனுஷனின் வாயை நம்பியல்லவா மூட்டையைத் தூக்கினாள்!

டிப்போவின் மூலையில் ஒரு ஜன்னல். உள்ளே அலமாரி முழுக்கக் குடைகள், ஒற்றைச் செருப்புகள், டிபன் பாக்ஸ்கள், ஒரு கண்ணாடி ஜாடியில் யாருடையதோ பல் செட்டு. டிரைவர் அண்ணன் ஒரு கைத்தடிக்குச் சீட்டு கட்டிக்கொண்டிருந்தார். விரலில் அதே சாவிக்கொத்து. எல்லாம் அலமாரிச் சாவிகள்.

"வண்டி எங்கண்ணே?" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். கைத்தடி மேஜையில் உருண்டது.

"தங்கச்சி..."

"அப்படிக் கூப்பிடாதீங்க. எத்தனாவது வாரம் ஸ்டியரிங் பிடிச்சீங்க?"

"பிடிக்கல."

"ஸ்டெப்னி?"

"அது... ஆபரேஷனுக்கு முன்னாடி நடந்தது."

"எலும்பு விலகி ஒரு வாரத்துல சேர்ந்துச்சே, அது?"

அவர் தலை இல்லை என்று அசைந்தது.

"சத்தம்?"

"கேக்குது" என்றார். "தினமும் கேக்குது. இங்க ஒரு அலாரம் கடிகாரம் வந்துச்சு. யாரும் தேடி வரல. அதை எடுத்துட்டுப் போய்த் தலைமாட்டுல வெச்சிருக்கேன். அந்த டிக் டிக்ல இந்த டிக் டிக் கொஞ்சம் அடங்கும்."

"ஏன் அண்ணே பொய் சொன்னீங்க?"

"எனக்குத் துணையா வந்தவர் உண்மையை மட்டும்தான் சொன்னார். வேலை போச்சு, தூக்கம் போச்சு, சத்தம் நிக்கலன்னு. கேட்டுட்டு ரெண்டு மாசம் நான் கட்டிலை விட்டே எறங்கல. சோறு எறங்கல. செத்துடலாம்னுகூடத் தோணுச்சு. என்னைப் பார்த்து யாரும் அப்படி ஆகிடக் கூடாதுன்னுதான்... நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"நல்லதுக்கா? என் அடுப்பு போச்சே! இருபத்திரண்டு வருஷ அடுப்பு!"

வரிசையில் குடை கேட்டு நின்றவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ரொட்டியக்கா தலையணையைக் கட்டிக்கொண்டாள். கத்தினாலும் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

"வியாழக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"சொல்றேன்" என்றார். "சத்தியமா சொல்றேன்."

அன்று மாலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டாள். மறுநாளும் அடித்தது. அதற்கு மறுநாள் அடிக்கவில்லை. அடிக்காததும் ஒரு மாதிரி இருந்தது, அதற்காகத் தன்மீதே கோபம் வந்தது.

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டார்" என்று கணவரிடம் புலம்பினாள்.

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள்ம்பாங்க. இவர் ரெண்டு வருஷம் சமாளிச்சிருக்காரே!" என்றார் குழாய்க்காரர். அவள் முறைத்ததும் குரலைத் தாழ்த்தினார். "சரி, அங்க போய்க் கத்தாத. நெஞ்சுக்கு ஆகாது."

"தலையணையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கத்துவேன்."

வியாழக்கிழமை ஹாலில் புது ஆள் ஒருவர் இருந்தார். தச்சராம். ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள். முகம் வெளுத்துப்போய், தலையணையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் அண்ணன் அவருக்குப் பக்கத்தில், பட்டை குத்திய சட்டையோடு. நூலக அம்மா வழக்கமான இடத்தில், ரொட்டியக்காவுக்குப் பக்கத்தில்.

மூச்சுப் பயிற்சி முடிந்தது. டிரைவர் அண்ணன் எழுந்து நிற்பார் என்று ரொட்டியக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் எழவில்லை. தச்சர்தான் முதலில் பேசினார்.

"ஒரு சந்தேகங்க. இந்த டிக் டிக் சத்தம்... என்னால முடியல. இது எப்ப நிக்கும்?"

டிரைவர் அண்ணன் வாயைத் திறந்தார். ரொட்டியக்காவை ஒருதரம் பார்த்தார். பிறகு தச்சரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் சத்தியம் பறந்துவிட்டது.

"ஒரு மாசம் தம்பி. ஒரே மாசத்துல நின்னுடும். எனக்கெல்லாம்..."

"பொய்!"

ரொட்டியக்கா எழுந்து நின்றுவிட்டாள். "பொய் சொல்றார். அவருக்கு நிக்கல. கடிகாரம் வெச்சுக்கிட்டுத் தூங்குறார். அவர் பஸ்ஸும் ஓட்டல. பத்து வாரமும் பொய், பதினேழாம் நம்பரும் பொய். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கார். அதைக் கேட்டுத்தான் நான் மூட்டையைத் தூக்கினேன். அண்ணன் அண்ணன்னு உசிரா நம்பினேன்யா உங்களை! நம்புனவங்களுக்கு இப்படிப் பண்ணலாமா?"

டிரைவர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். விரலிலிருந்த சாவிக்கொத்தை மெல்லக் கழற்றிப் பைக்குள் போட்டார். ரொட்டியக்காவுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. யாராவது தன் பக்கம் பேசுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள்.

"உங்களுக்கு?" என்றது ஒரு குரல்.

நூலக அம்மா. இத்தனை வாரத்தில் அவள் முதல்முறையாகத் தானாகப் பேசினாள்.

"என்னம்மா?"

"உங்களுக்குச் சத்தம் நின்னுடுச்சா?"

ரொட்டியக்கா தலையணையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அன்னைக்கு நின்னே போச்சுன்னீங்க. கை தட்டினோமே. அவர் சொன்னதை நான் நம்பலக்கா, ஆம்பளைங்க வீறாப்புக்குச் சொல்லுவாங்கன்னு விட்டுட்டேன். நீங்க சொன்னதைத்தான் நம்பினேன்." அவள் குரல் உயரவில்லை. நூலகத்தில் பேசிப் பழகிய குரல். "எங்க இடத்துல ஊசி விழுந்தாக் கேக்கும். படிக்கிறவங்க திரும்பித் திரும்பிப் பார்க்குறாங்க. அக்காவுக்கு நின்னுடுச்சே, நமக்கு ஏன் நிக்கல, நம்ம காதுதான் சரியில்லன்னு காது டாக்டர்கிட்டப் போனேன். மூணு தடவை போனேன். அவர் சொட்டு மருந்து குடுத்தார். அப்புறம் காதுல ஒண்ணுமில்ல, மனசுலதான் கோளாறுன்னார். எனக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு நெனச்சு வேலைக்கே போகாம வீட்டுல உக்காந்திருக்கேன். உங்களுக்கு நின்னுடுச்சா இல்லையா, சொல்லுங்க."

ரொட்டியக்கா உட்கார்ந்தாள். அந்த ஆறாவது வார வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. சொன்னது, கை தட்டியது, பக்கத்து நாற்காலியிலிருந்து இவள் பார்த்தது. அந்தப் பார்வையை அப்போது அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப... நிக்காதுங்களா?" என்றார் தச்சர் மெதுவாக. எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு நிக்கல தம்பி" என்றாள் ரொட்டியக்கா. "நின்னுடுச்சுன்னு பொய் சொன்னேன். இப்பவும் கேக்குது."

குனிந்த தலையை நிமிர்த்தாமலே டிரைவர் அண்ணன் சொன்னார். "எனக்கும்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. நூலக அம்மாவின் பக்கம் திரும்பினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று சொல்லக்கூட வழியில்லை, அன்றைக்கு அவள் யாருடைய நல்லதையும் நினைத்துச் சொல்லவில்லை.

நூலக அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு, ஊன்றாமல், ஒருக்களித்துப் பதனமாக எழுந்தாள். வட்டத்தின் அந்தப் பக்கம் போய், தச்சருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவரிடம் ஏதோ கேட்கத் தொடங்கினாள். ரொட்டியக்கா அவளைக் கூப்பிடவில்லை. ஆறு மணிக்கு அண்ணன் அடித்த போனைத் தானும் எடுக்கவில்லையே.